சாம்பல் வண்டியில் போன ஞாயிறுகள்

1

இந்தக் கதை எனக்குப் பொன்னேரியில் ஒரு பெட்ரோல் பங்கில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சாம்பல் நிறம். டேங்கின் முன்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, உள்ளேயிருந்து கிளிப்பச்சை தெரிந்தது. பின் சீட்டில் வந்த பெண் இறங்கி நின்று, அந்தக் கிழிசலின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"வுடு துர்கா, நகம் பேந்துடும்" என்றான் வண்டிக்காரன்.

அவள் விடவில்லை. பெட்ரோல் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

நான் கண்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அவனுக்கு இம்மானுவேல் என்று பெயர் வைத்தேன். துர்காவைத் துர்காதேவி ஆக்கினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அந்திச் சூரியன் ஏரியில் கரைந்துகொண்டிருந்தபோது துர்காதேவியின் விழிகளில்

(நிறுத்திவிட்டேன். இவர்கள் காலையில் அல்லவா போகிறார்கள்? பழக்கதோஷம். குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள் நான். என் கை தானாக அந்திக்குப் போய்விடுகிறது.)

அப்புறம் இப்படி:

காதலுக்கு நிறம் உண்டா? உண்டென்றால்

(இதைப் படித்துவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.)

மூன்றாவதாக ஒரு வரி வந்தது. அதை வைத்துக்கொண்டேன்: இம்மானுவேலின் வேலை, அடித்த பெயிண்ட் உரியாமல் பார்த்துக்கொள்வது.

3

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மின்விசிறிக்கு உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் இருந்தான் இம்மானுவேல். இரும்பை எமரித்தாளால் தேய்த்து, துடைத்து, மெல்லிசாக, திப்பி இல்லாமல் அடிப்பான். அடித்தது காய்ந்ததும் தரச் சோதனைக்குப் போகும். அங்கே இருந்தவள் துர்காதேவி. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, அதன்மேல் டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுப்பாள். டேப்போடு பெயிண்ட் வந்தால் மொத்தமும் திரும்பிவிடும்.

இம்மானுவேல் அடித்ததில் ஒரு துணுக்குகூட வந்ததில்லை.

"பாஸ்" என்பாள் அவள், டேப்பைப் பார்த்துக்கொண்டே.

"ஒரு தபா என்னப் பாத்து சொன்னா இன்னாவாம்?"

"பீஸுதான் பாஸு. ஆளு இன்னும் டெஸ்ட்ல கீது."

ஆளும் ஒருநாள் தேறினான். துர்காவின் அப்பா ராஜவேலு பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கிறவர். தாயில்லாப் பெண். வேறு சாதி, வேறு சாமி என்றதும் அவர் ஒரே வார்த்தையில் மறுத்தார். அவள் இம்மானுவேலின் கிளிப்பச்சை வண்டியில் ஏறிக் கும்மிடிப்பூண்டி வந்தாள். சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அப்பா வரவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் இருவரும் பழவேற்காட்டுக்கு வண்டி ஓட்டினார்கள். ராஜவேலு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வெற்று மேலோடு, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வளைவில் பச்சை வண்டி தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

"போ, போ, நிக்காத" என்பாள் துர்கா அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு. வண்டி நிற்காமல் போய்விடும். ஒவ்வொரு வாரமும் இதேதான்.

4

வண்டிக்கு நிறம் மாற்றும் யோசனை துர்காவுடையது.

"நைனா வண்டியப் பாத்துதான உள்ள போறாரு? அந்தக் கலரு தெரிலன்னா ஒக்காந்துகினே இருப்பாரு இல்ல? நான் மூஞ்சியாவது பாத்துப்பேன்."

"ஆர்.சி. புக்குல பச்சைன்னு கீது. பெயிண்ட மாத்துனா பேஜாரு."

"உரிக்கிற மாதிரி அடிக்கறாங்களாமே. ரப்பராம்."

(அப்படி ஒன்று இருக்கிறது. டப்பாவில் வருகிற ரப்பர் ஸ்ப்ரே. அடித்துக் காயவிட்டால் வண்டிமேல் தோல் மாதிரி படியும். வேண்டாமென்றால் ஓரத்தில் நிமிண்டி இழுத்தால் முழுசாகக் கழன்று வந்துவிடும், கொதித்து ஆறிய பாலின் ஆடை மாதிரி. வீடியோக்களில் பார்த்தேன். பார்க்கத் திருப்தியாக இருக்கிறது.)

கடைக்காரர் டப்பாக்களைக் கொடுக்கும்போதே சொன்னார். "தடியா அடிங்க தம்பி. ஒண்ணுமேல ஒண்ணா நாலஞ்சு வாட்டி. கீழ எதையும் தேய்க்காதீங்க. மெல்லிசா அடிச்சா உரியாது."

இம்மானுவேல் சிரித்தான். பெயிண்ட் அடிக்க இவர் கற்றுத்தருகிறாரா? வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் வண்டியை நிறுத்தி, டேங்கை நீர் எமரியால் தேய்த்தான். துடைத்தான். பிறகு கம்பெனியில் அடிக்கிற மாதிரியே மெல்லிசாக, சீராக, இரண்டே சுற்று அடித்தான். வேர்வை வழியத் தள்ளி நின்று பார்த்தான். கம்பெனியிலிருந்தே அந்த நிறத்தில் இறங்கிய வண்டி போலிருந்தது.

(இந்த இடத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கதை எழுதுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பல வருடம் உரியக்கூடாது என்றே பழகிய கை அது. வேறு மாதிரி அடித்திருந்தால் அவன் இம்மானுவேலாக இருந்திருக்க மாட்டான்.)

5

முதல் ஞாயிறு. இருவர் தலையிலும் ஹெல்மெட், வெயிலுக்காகத் துர்கா முகத்தில் துப்பட்டா. வண்டி மெதுவாக வளைவைத் தாண்டியது. ராஜவேலு நாற்காலியில் இருந்தார். எழவில்லை. சாம்பல் வண்டியைப் பார்த்தார். அப்புறம் அதைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார்.

"உள்ள போவல!" துர்கா அவன் தோளைக் குத்தினாள். "யோவ், நைனா உள்ள போவல! எலும்பா கீறாரு. முடி வெட்டிக்கினு கீறாரு. வெத்தல போட்ற பக்கம் கன்னம் உப்பிக்கினு கீது."

"நிறுத்தட்டா?"

"ஐயையோ, வேணாம். நின்னா நம்மன்னு தெரிஞ்சிடும், போய்டுவாரு. பாத்துக்கினே போலாம்."

அன்றைக்குத் திரும்பும் வழியில் அவள் பாடிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரமும் போனார்கள். அதற்கடுத்த வாரமும். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ, ராஜவேலு வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கியோ விசேசத்துக்குக் கெளம்பறாரு போல" என்றாள் துர்கா.

அடுத்த ஞாயிறும் சட்டை. அதற்கடுத்ததும். இத்தனை விசேஷம் யார் வீட்டில் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

6

இங்கே எனக்கு ராஜவேலுமேல் சந்தேகம் வந்தது.

கோபக்கார அப்பாவாகத்தான் அவரை எழுத ஆரம்பித்தேன். என் கதைகளில் அப்படிப்பட்ட அப்பாக்கள் நிறைய. கடைசி அத்தியாயத்தில் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் மகள் முகத்தில் விழிக்கப் பிடிக்காத ஒருவர், அவள் வருகிற ஞாயிறாகப் பார்த்து, அவள் வருகிற திசையாகப் பார்த்து, எதற்கு நாற்காலி போடவேண்டும்? எழுதிய பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். அவர் உள்ளே போனதை எழுதியிருந்தேனே தவிர, உள்ளே போய் என்ன செய்தார் என்று எழுதவேயில்லை. அங்கே கூடப்போக நானும் நினைக்கவில்லை.

துர்காவுக்கு ஒரு தம்பியை, அருண்பாண்டியனை, கதைக்குள் கூப்பிட்டேன். அவன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். பொன்னேரியில் ஒரு கடையில் இம்மானுவேல் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னா மாமா, வண்டிய வித்துட்டியா?"

இம்மானுவேல் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தான். மச்சான் வாயிலிருந்து மாமா என்ற சொல் வருவது இதுதான் முதல்முறை.

"இல்லியே. ஏன்?"

"பச்ச வண்டி வர்றதில்லன்னு நைனா பொலம்பிக்கினு கீறாரு. அக்காவுக்கு எதுனா ஆய்ப்போச்சான்றாரு."

"எங்களப் பாத்தாலே உள்ள போய்டுவாரேப்பா."

"சட்ட எடுக்கப் போவாரு மாமா!" அருண்பாண்டியன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாப்பிள்ள முன்னாடி ஒடம்பக் காட்டிக்கினு நிக்கறதான்னு. முந்தில்லாம் கோவந்தான், இல்லேன்னு சொல்லல. அப்பறம் கொறஞ்சிச்சி. சட்டய மாட்டிக்கினு வெளிய வந்தா நீங்க போயிருப்பீங்க. நானே போய் இட்டாரட்டான்னா, வேணாம், அவங்களா வந்து நிக்கட்டும்ன்றாரு. இப்ப கொஞ்ச நாளா காலையிலயே சட்டய மாட்டிக்கினு ஒக்காந்துட்றாரு. வண்டி வந்தா எழுந்து போவாம நிக்கலாமேன்னு. கண்ணு வேற மங்கிடுச்சி. ஆளு தெரியாது, கலரு தெரியும்."

இம்மானுவேல் தட்டைத் தள்ளிவைத்தான். எழுந்து, கடைக்கு வெளியே நின்ற சாம்பல் வண்டியைக் காட்டினான்.

தம்பி அதைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். "அப்போ… வந்துகினுதான் இருந்தீங்களா?"

"வாராவாரம்."

"அடப்பாவி மாமா. போன ஞாயித்துக்கெழம, 'இனிமே எனக்கு இன்னாத்துக்குடா சட்ட'ன்னு கயட்டி எறிஞ்சிட்டாரே. வர்ற வாரம் வெளிய வந்து ஒக்காருவாரோ மாட்டாரோ. நான் சொல்லட்டா, அந்த வண்டிதான் இதுன்னு?"

"வேணாம்" என்றான் இம்மானுவேல். "சொல்லாத. நாங்க பச்சையிலயே வர்றோம்."

(இந்த 'வேணாம்' என்ற சொல்லை மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். 'சொல்லு' என்று அவன் சொல்லியிருந்தால் கதை அந்தக் கடையிலேயே முடிந்திருக்கும். ஆனால் மூஞ்சி தெரியாமல் மாமனார் முன்னால் வாராவாரம் திருடன் மாதிரி போய்வந்ததை, அவர் சட்டை போட்டுக் காத்திருந்த நாட்களில் போய்வந்ததை, யாரால் அவரிடம் சொல்லச்சொல்ல முடியும்? உரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.)

7

துர்காவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அந்த வெள்ளச் சட்ட நான் எடுத்துக் குடுத்தது" என்று மட்டும் சொன்னாள். "மொத சம்பளத்துல."

சனிக்கிழமை காலையில் காலி மனையில் வண்டியை நிறுத்தி உரிக்க உட்கார்ந்தார்கள்.

தோல் வரவில்லை. எமரி போட்ட இடத்தில் ரப்பர் வேர்விட்டுப் பிடித்திருந்தது. மெல்லிசாக இருந்ததால் நிமிண்டிய இடத்தில் பொடிப்பொடியாக அறுந்தது. பெட்ரோலில் துணியை நனைத்துத் தேய்த்தார்கள். அது பிசினாகிக் கையிலும் துணியிலும் ஒட்டியது. தின்னர் ஊற்றினால் போகும். அதோடு பச்சையும் போகும். மதியம் வரை பாடுபட்டதில், டேங்கின் முன்பக்கம், எமரி சரியாகப் படாத ஓர் இடத்தில், உள்ளங்கை அளவுக்குப் பச்சை தெரிந்தது.

துர்கா உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தாள். சாம்பல் பரப்பில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாள். டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, வெடுக்கென்று இழுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு துணுக்குகூட இல்லை.

"பாஸ்" என்றாள்.

இந்தத் தடவை அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலில் ஒட்டியிருந்த பிசினை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தாள்.

"இப்படியேதான் போவணும்" என்றாள் கடைசியில். "கேட்டா சொல்லிட்லாம். நைனா உள்ள போனாலும் இந்த வாட்டி நிப்போம்யா. எவ்ளோ நேரமானாலும் நிப்போம்."

8

முடிவுகள்.

முதல் முடிவை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ராஜவேலு பச்சையைக் கண்டுகொள்கிறார். ஓடி வருகிறார். உள்ளே இறால் தொக்கு கொதிக்கிறது. என் மகள் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் யாருமே அந்தச் சட்டை போட்ட ஞாயிறுகளைப் பற்றிப் பேசவில்லை. தொக்கு வாசனையில் எல்லாம் மறைந்துபோயிற்று. அவர் பச்சையைத் தேடிக்கொண்டிருக்க, அவர் மகள் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்துபோன ஞாயிறுகள் அவை. நான் எந்த முடிவை எழுதினாலும் அவற்றைத் திருப்பித்தர முடியாது. பக்கங்களை எடுத்துத் தனியே வைத்தேன்.

இரண்டாவது முடிவில் நாற்காலி இல்லை. வாசலில்

(இதற்குமேல் எழுத மனசு வரவில்லை.)

மூன்றாவது நான் பார்த்தது. பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு அவர்கள் திரும்புகிறார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாதென்றாலும் வளைவுவரை கூடப் போகிறேன்.

துர்கா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இம்மானுவேல் வேகத்தைக் குறைக்கிறான். வாசலில் நாற்காலி இருக்கிறது. நாற்காலியில் அவர் இருக்கிறார். வெற்று மேல்தான். சட்டை இல்லை.

வண்டி நின்றுவிட்டது. சாம்பல் வண்டி, முன்பக்கம் உள்ளங்கை அளவு பச்சை. மங்கிய கண் அதன்மேல் வந்து நிற்கிறது. நாற்காலியின் கைப்பிடியில் அவர் கையை ஊன்றுகிறார்.

எழுந்து உள்ளே போய்விடுவாரோ என்று இத்தனை காலம் பயந்த பெண், இப்போது இம்மானுவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கிறாள்.

"உள்ள போ நைனா. உள்ள போ."

எனக்கு இதற்குமேல் எழுதத் துணிவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். எழுந்தாரா?