கல்பகம் வீட்டு முற்றத்துப் புகை

மழை வலுத்தால் போதும், குஷாய்குடா பேக்டரி குவார்ட்டர்ஸில் சாக்கடை, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கித் தெருவில் ஓடும். யாரோ தங்கள் வீட்டு முற்றத்து மழைத் தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சாக்கடைக் குழாயில் விடுகிறார்கள் என்று குவார்ட்டர்ஸ் ஆபீஸில் முடிவு கட்டிவிட்டார்கள். பிடிபட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அறிவிப்பும் வந்தது. அன்றிலிருந்து கல்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அவள் வீட்டுக்காரரால் வந்த வினை. ஸ்ரீனிவாசனுக்கு பேக்டரியில் ரேடியோ பாகங்களைப் பொருத்துகிற வேலை. வீட்டிலோ கொத்தனார், பிளம்பர் எல்லாம் அவரே. போன வருஷம் முற்றத்துக்குத் தானே சிமென்ட் பூசினார். மழைத் தண்ணீர்க் குழாயை எதில் கொண்டுபோய்ச் செருகினாரோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

"வெளிக் கால்வாய்லதான்டி விட்டிருக்கேன். சத்தியம்!" என்பார் கேட்டால்.

அந்த மனுஷன் அடித்த அலமாரி இன்றைக்கும் ஒருக்களித்துத்தான் நிற்கிறது. சத்தியத்தை எப்படி நம்புவதாம்?

மே மாதம், வெள்ளிக்கிழமை காலை, சோதனை வந்தே விட்டது. தெருக்கோடிச் சாக்கடை மூடியைத் திறந்து, புகை மருந்தைக் கொளுத்தி, மிஷின் வைத்து உள்ளே ஊதினார்கள். குழாயில் எங்கே ஓட்டையோ, எங்கே கள்ளத்தனமாகக் குழாய் சேர்த்திருக்கிறதோ, அங்கே புகை கிளம்பிவிடும். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் சாரங்கபாணி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கல்பகம் ஈரத் தலையோடு ஓடிக் கதவைத் திறந்தாள். முற்றத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மழைக் குழாயின் வாய்ப் பக்கம், புகை சுருண்டு சுருண்டு எழுந்தது.

"ஹவ்! இங்கேதான்!" என்று உள்ளூர் உருதுப் பாணியில் கத்தினார், அந்த ஊர் மெட்டுகுடாவிலேயே பிறந்து வளர்ந்த சாரங்கபாணி.

கல்பகம் எட்டிப் பார்த்தாள். மறு நிமிஷமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது என் சாம்பிராணி! எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுத் தலைக்குப் புகை போட்டுண்டிருந்தேன். நீங்க கதவைத் தட்டின அவசரத்துல தூபக்காலை அங்கே வச்சுட்டேன். மோந்து பாருங்கோ!"

அவர் மோந்தார். "கோயில் வாசனைதான் வருது. அதை உள்ளே கொண்டுபோங்க மாமி. அப்புறமா பார்க்கலாம்."

தூபக்கால் உள்ளே போயிற்று. அப்புறம்தான் அசல் பயமே. குழாயின் வாயையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்பகம் வேண்டாத தெய்வமில்லை. புகை வரவில்லை. வரவே இல்லை!

"சார்! ஷட்டில் கோர்ட்ல தரையிலேர்ந்து புகை வருது!" என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

ஓடினார்கள். வெடித்த மண்ணின் இடுக்குகளிலிருந்து பட்டாசு நெடியோடு புகை கசிந்துகொண்டிருந்தது.

"இங்கே முன்னே கிணறு இருந்துச்சு. தூர்த்துட்டு அது மேலேயே குழாய் போட்டாங்க," என்றார் சாரங்கபாணி. "மண்ணு அமுங்கி ஜாயின்ட் விட்டுப்போச்சு. மழைக்காலத்துல நிலத்தடித் தண்ணி ஏறி உள்ளே பூந்துடுது. மழை நின்ன பிறகும் சாக்கடை பொங்கி ஓடிட்டே இருந்துச்சே, அப்பவே தோணியிருக்கணும். கைக்கு, எதுக்கு வீட்டுக்காரங்களைச் சந்தேகப்பட்டோமோ! நீங்க போய்த் தலையைக் காயவைங்க மாமி."

மத்தியானம் ஸ்ரீனிவாசன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நம்மாத்துல புகை வந்துதா?"

"வரலை."

அவர் தான் பூசிய சிமென்ட் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். "அப்பாடா! அப்போ நான் வெளிக் கால்வாய்லதான் விட்டிருக்கேன்!"

"சத்தியம் பண்ணினேளே, ஏன்னா!"

"பண்ணினேன். நேக்கே இப்பத்தான் நிச்சயமாச்சு."

கல்பகத்துக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு முந்திக்கொண்டது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு நன்றாக இறங்கியது.