சேனைத் தண்ணீரும் க்யூ நாற்பத்தொன்றும்

எங்கள் மருத்துவமனையில் காப்பீட்டுக்காக நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுகிறவள் நான். சித்ரகலா என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கோடிங் அக்கா என்றால் காவலாளி வரை தெரியும். கோபக்காரி என்பதும் தெரியும்.

அன்றைய கோபம் காப்பீட்டு நிறுவனத்தின் மேல். பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் தைக்கும் நதியாவின் பச்சைக் குழந்தைக்குக் குடல் அடைப்பு. அறுவை முடிந்து பிழைத்துவிட்டான். ஆனால், சேனைத் தண்ணீர் கொடுத்ததால் வந்த அடைப்பு என்று சொல்லிக் காப்பீட்டை மறுத்துவிட்டார்கள். தாய்மாமன் சகாயராஜ் வழக்கப்படி நாக்கில் தொட்டு வைத்த சர்க்கரைத் தண்ணீர்! குழந்தையைச் சேர்க்கும்போது, சேனை வைத்ததை யாரோ விசாரித்து எழுதியிருக்க, அதை நான் விடுப்பில் இருந்த நாளில் வேறொருவர் அப்படியே குறியீடாக்கி அனுப்பியிருந்தார்.

நதியாவின் கணவன் அந்தோணிராஜுக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது. இன்சூரன்ஸ்காரனே எழுதிவிட்டான் என்று மச்சினனை வார்டுக்குள் விடவில்லை. சகாயராஜ் தினமும் வெளி கேட்டில் வந்து நின்றான். மருமகனை ஒரு முறைகூடத் தூக்கவில்லை.

ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் குடலை அடைக்குமா? ஆனால் என் சந்தேகம் செல்லாது; டாக்டர் எழுதுவதற்குத்தான் நான் எண் போட முடியும். அறுவை செய்த டாக்டர் தண்டாயுதபாணியோ, அடைப்பு நீக்கப்பட்டது என்று மொட்டையாக எழுதி வைத்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே அவரை மடக்கினேன்.

"ஏனுங்க டாக்டர், அந்தக் கொழந்தைக்கு அடைப்பு எதுனால வந்துச்சுங்க?"

"சிறுகுடல்ல ஒரு இடம் மூடியே இருந்துச்சும்மா. அம்மா வயித்துல இருக்கறப்பவே வந்தது."

"அதை எழுதிக் குடுத்துருங்க. நீங்க எழுதாம உட்ட ஒரு வரிக்கு, ஒரு மனுசன் வாசல்ல நின்னுட்டு இருக்கறாருங்க."

அவருக்குச் சுருக்கென்றது. நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பழைய எண்ணைத் தூக்கிவிட்டு க்யூ நாற்பத்தொன்று போட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு மறுபடி அனுப்பினேன். பிறவியிலேயே சிறுகுடல் மூடியிருந்தால் போடும் எண் அது.

காப்பீட்டு அனுமதி வந்ததும் நானே வார்டுக்கு நடந்தேன். இது பிறவிக் கோளாறு, சேனையாலும் வரவில்லை, நதியாவாலும் வரவில்லை என்று அந்தோணிராஜிடம் சத்தமாகவே சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்றுதான். அவன் தலை குனிந்தான். பிறகு விறுவிறுவென்று கேட்டுக்குப் போய் மச்சினனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

"மாப்ள, தப்பு எம்மேலதான். இந்தா, ஒன் மருமகன்."

சகாயராஜ் கையைக் கழுவிக்கொண்டு வாங்கினான். வாங்கிய நிமிடமே பயல் மாமன் சட்டையெல்லாம் மஞ்சளாக ஆய் போய்விட்டான். துடைக்க வந்த நர்ஸை நான்தான் தடுத்தேன். அந்தக் குடல் வேலை செய்வதை எல்லோரும் ஒரு நிமிடம் பார்க்கட்டும் என்றேன்.