சனிக்கிழமை வாத்தியார்

சார்லஸ் என்கிற ஆளை, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ராஜவேல் வெறுத்துவிட்டான். காரணம் வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி அனுப்பிரியாதான். சனிக்கிழமை சாயங்காலம் சிப்காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். சார்லஸ் சார் இப்படிச் சொன்னார், சார்லஸ் சார் அப்படிச் சொன்னார். ரசம் கொதிக்கும்போது சார்லஸ், துணி மடிக்கும்போது சார்லஸ். மனுஷன் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன வேண்டாமா?

அனுப்பிரியாவுக்கு ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்பில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். பெண்கள் நேரங்கெட்ட நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கிறதே என்று கம்பெனிக்காரர்களே ஒரு தற்காப்பு வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். சனிக்கிழமைதோறும் கேன்டீனில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நாற்பது பெண்கள் பழகினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவன்தான் சார்லஸ். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை என்கிற ஊர்க்காரன். சென்னையில் பத்து வருஷம் பார் வாசலில் பவுன்சராக நின்று, அடி வாங்கியும் கொடுத்தும் தேறியவன்.

ராஜவேல் புதுப்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஆனால் அவனைக் காயில் கட்டுகிறவன் என்று சொன்னால் மூஞ்சி சுருங்கிப்போகும். சிலம்பக்காரன் என்று சொல்ல வேண்டும். அனுவை அவன் முதலில் பார்த்ததே சிதம்பரத்தில் ஒரு சிலம்பப் போட்டியில்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக, கலைமணி என்பவர் சிதம்பரத்தில் நடத்தும் ஆண்டு விழாவில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகக் கம்பு ஆடினார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் அவனுக்கு வருஷம். மீதி நாளெல்லாம் செம்புக் கம்பி.

அவர்கள் பழகிய முறையில் ஒரு மரியாதை உண்டு. எதிராளியின் கம்பு கீழே விழுந்துவிட்டால் அவரை அடிக்கக் கூடாது. தட்டிவிட்டவரே குனிந்து அந்தக் கம்பை எடுத்து, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் ஏந்தி எதிராளியிடம் கொடுக்க வேண்டும். பிறகுதான் ஆட்டம் தொடரும். மண்டபத்தில் கைதட்டல் அதிகம் விழுவது அந்த இடத்துக்குத்தான். ரவுடிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசமே அதுதான் என்று ராஜவேல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான்.

இப்படிப்பட்டவனிடம் போய், சார்லஸ் சார் முதல் பாடமாக என்ன சொல்லித்தந்தார் தெரியுமா என்று அனு கேட்டாள். கத்து, அடி, ஓடு. அவ்வளவுதானாம். ஓடுவதற்கு ஒரு வாத்தியாரா, அதற்கு ஒரு சம்பளமா என்று ராஜவேல் சிரித்தான். தானே உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை.

"கம்பைத் தூக்கிக்கிட்டு நான் டவுன் பஸ்ல ஏற முடியுமா மாமா? சொல்லுங்க" என்றாள்.

குடை இருக்கிறதே, துடைப்பக்கட்டை இருக்கிறதே, கையில் கிடைத்ததெல்லாம் கம்புதான் என்று அவன் வாதாடினான். கால் வைக்கும் முறை உடம்பில் ஊறியவனை எவனும் தொட முடியாது என்றான். கால் வைக்கத் தரையில் இடம் வேண்டுமே, பஸ்ஸுக்குள் ஏது இடம் என்று அவள் கேட்டாள். இது சார்லஸ் கேட்ட கேள்வியா, அவளே கேட்டதா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அன்றைக்கு ராத்திரி ரசம் கசந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளை வண்டியில் கொண்டுபோய் விடுகிற சாக்கில் கேன்டீன் ஜன்னலோரம் நின்று பார்த்தான். ஆள் அவன் நினைத்த மாதிரி மலையாக இல்லை. குள்ளம், லேசான தொப்பை, வழுக்கை வேறு. அது இன்னும் மோசம். பார்க்க லட்சணமாக இருந்திருந்தாலாவது ஏதோ மயக்கம் என்று தேற்றிக்கொள்ளலாம். இந்தத் தொப்பைக்காரன் சொல்வதை அனு வாய் பிளந்து கேட்கிறாள் என்றால், அவள் மதிப்பது அவன் வித்தையைத்தானே? பிடித்த கையை எப்படி உதறுவது என்று காட்ட அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் முறுக்கி விடுவித்துக்கொண்டு சிரித்தாள். ராஜவேலுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. பதினான்கு வருஷமாக மேடையில் அவள் எதிரே நின்றவன் அவன். அந்தச் சிரிப்பு அவன் சொத்து என்று நினைத்திருந்தான்.

தை பிறந்ததும் அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள். இந்த வருஷம் ஜோடி ஆட்டம் வேண்டாமாம். ஒத்திகைக்கு இருக்கிறதே சனிக்கிழமை ஒன்றுதான், அதை வகுப்புக்கு வைத்துக்கொள்கிறாளாம். கலைமணி அண்ணனிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவனையே சிதம்பரத்துக்கு வண்டி ஓட்ட வைத்தாள். கலைமணி பெருந்தன்மையாக, அதனாலென்ன, அடுத்த வருஷம் ஆடினால் போயிற்று என்றார். கொஞ்சம் கெஞ்சியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? திரும்பும் வழியெல்லாம் ராஜவேல் வண்டியை முறுக்கிக்கொண்டே வந்தான். போனது மேடை இல்லை, அவள் மனசில் தனக்கிருந்த இடம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதைச் சார்லஸிடமிருந்து எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மணி நாலு இருக்கும். அங்கே ஒருவன் பட்டப்பகலிலேயே நன்றாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் தடியோடு, வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அனுவைப் பார்த்து அசிங்கமாக ஒன்று சொன்னான். அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு அமைதியாக எழுந்தாள்.

"வாங்க மாமா, போயிடலாம்."

சொன்னது அவள்தான். ஆனால் ராஜவேலின் காதில் விழுந்தது சார்லஸின் குரல். ஓடு என்கிற பாடம். இதோ நிஜமான சண்டை, நிஜமான தடி, பார்க்க அனு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கடைப் பந்தலில் சாத்தியிருந்த சவுக்குக் கழியை உருவிக்கொண்டு இறங்கினான்.

சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் செய்தான். குடிகாரன் தடியை ஓங்கினான். ராஜவேல் ஒரு கால் பின்வாங்கி முதல் வீச்சில் தடியை விலக்கினான், இரண்டாவது வீச்சில் மணிக்கட்டில் ஒரு தட்டு. தடி பறந்துபோய்ப் புழுதியில் விழுந்தது. டீக்கடையில் நாலு பேர் 'அப்படிப் போடு' என்றார்கள். இதோடு விட்டிருக்கலாம்.

அவன் குனிந்தான். தடியை எடுத்தான். கண்ணில் ஒற்றினான். இரண்டு கையாலும் ஏந்தி, அந்தக் குடிகாரனிடமே கொடுத்தான்.

யோசித்துச் செய்ததா அது? உடம்பு செய்தது. குடிகாரன் ஒரு நொடி திகைத்துவிட்டு, கொடுத்ததை வாங்கி, முழு பலத்தோடு ராஜவேலின் இடது தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கடைக்காரருக்கே கேட்டது. அனு காது கிழியக் கத்தினாள், குடிகாரனின் முழங்காலில் ஒரு உதை விட்டாள், புருஷனைச் சட்டையோடு இழுத்து வண்டியில் ஏற்றிக் கிளப்பினாள். கத்து, அடி, ஓடு. மூன்றையும் சொன்ன வரிசையிலேயே செய்து முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிக்கும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இனி சார்லஸ் பேரைச் சொல்லிச் சொல்லியே கொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெற்றியிலிருந்த புழுதியைத் துடைத்துவிட்டாள்.

"நானா இருந்தாலும் குடுத்துத்தான் இருப்பேன் மாமா" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக சார்லஸே வந்துவிட்டான். ராஜவேலுக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது, கட்டு விடவில்லை. சார்லஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனையே கண்கொட்டாமல் பார்த்தான். ரெண்டே அடியில் தடியைப் பறக்க விட்டீர்களாமே, மேடம் சொன்னார்கள் என்றான். பின்னாலிருந்து இன்னொருவன் வந்து அடித்ததால்தான் தோள் போயிற்றாம். ராஜவேல் அனுவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ரொம்ப அக்கறையாக ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

சார்லஸ் கொஞ்சம் தயங்கினான். பிறகு மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டான்.

"உண்மையைச் சொல்லிடறேண்ணா. நாலு மாசமா உங்க மேல எனக்கு ஒரே வயித்தெரிச்சல். நான் எதைக் கத்துக்குடுத்தாலும் மேடம், எங்க வீட்டுக்காரரு இதை வேற மாதிரி சொல்லுவாருன்னு ஆரம்பிச்சுடுவாங்க. யாருடா அந்த ஆளுன்னு இருக்கும்."

அடடா. ராஜவேலுக்கு ஆரஞ்சு வேண்டாம், ஹார்லிக்ஸ் வேண்டாம், இது ஒன்றே போதும். இங்கே சார்லஸ் புராணம் பாடுகிறாளே என்று நினைத்தால், அங்கே பாடியது இவன் புராணம். தோள் வலிகூட மறந்துபோயிற்று. இந்த நிமிஷத்தை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.

சார்லஸ் அதோடு நிறுத்தவில்லை. வருகிற சனிக்கிழமை அந்த ரெண்டு அடியையும் நாற்பது பேருக்கும் கற்றுக்கொடுக்கப் போகிறானாம், துடைப்பக்கட்டையை வைத்து. மேடமே முன்னால் நின்று ஆடிக்காட்டச் சம்மதித்துவிட்டார்களாம். இதுவரை சிலம்பத்தை இளக்காரமாக நினைத்தது தன் தப்புதான் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

கும்பிட்ட கையைப் பார்த்ததும் ராஜவேலுக்குத் தடியை ஏந்திக் கொடுத்த தன் கை ஞாபகம் வந்தது. அனு முன்னால் நின்று ஆடிக்காட்டினால் எதை ஆடுவாள்? தட்டிவிட்டு, குனிந்து, எடுத்து, கொடுப்பாள். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று அவளே சொன்னாளே. அவளைப் பார்த்து நாற்பது பேர் கற்றுக்கொள்வார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும். இத்தனை நாள் ஏங்கிய இடம் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவன் சொல்லிவிட்டான்.

"பின்னாலேர்ந்து எவனும் வரலை. தடியை எடுத்து அவங்கிட்டயே குடுத்தேன்."

சார்லஸுக்குப் புரியவில்லை.

"எவங்கிட்டண்ணா?"

"அடிக்க வந்தவங்கிட்ட. கண்ணுல ஒத்தி, ரெண்டு கையாலயும் குடுத்தேன். எங்க பழக்கம் அது."

சிரிக்கப் போகிறான் என்று ராஜவேல் காத்திருந்தான். சிரித்தால் சிரிக்கட்டும். அனு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சார்லஸ் சிரிக்கவில்லை. அவன் முகம் மெல்ல மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து அனுவைப் பார்த்தான்.

"மேடம், நம்ம கிளாஸ்ல ரப்பர் கத்தியைப் பிடுங்குனதும் நீங்கல்லாம் என்ன பண்றீங்க?"

அனு யோசித்தாள்.

"திரும்பக் குடுப்போம் சார். மறுபடி பிடுங்கிப் பழகணுமில்ல."

"யார்கிட்ட?"

"குத்த வந்தவங்ககிட்டதான்."

அந்த நாற்பது பேர் உடம்பும் இதையே பழகியிருக்கிறது. நாலு மாசம், வாரம் ஒருநாள், ஆளுக்கு முப்பது தடவையாவது. பிடுங்கு, கொடு. பிடுங்கு, கொடு. கம்பெனியில் இப்போது ரெண்டாம் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பதினைந்து பேராவது இந்த வகுப்புப் பெண்கள்தான், இன்னும் சில மணி நேரத்தில் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

"சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்காதீங்க. இப்பவே எல்லாருக்கும் போன் போட்டு, பிடுங்குனதை வீசிட்டு ஓடச் சொல்லுங்க" என்றான் ராஜவேல்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் சார்லஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தான். பாருங்களேன், இதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.