இடது பெடல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கொஞ்சம் கௌரவமான காரணம் கிடைக்குமா என்று ரொம்ப நாள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீங்கள் பெரிய மனசு பண்ணி மேலே படிக்க வேண்டும்.

அதிராம்பட்டினம், 1993. என் அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பக்கத்து வீட்டு அன்சாருக்கும் எனக்கும் பதினேழு வயது. அவன் வாப்பா ஜெக்கரியா துபாயில் இருந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன மலை சைக்கிளை அக்குவேறாகக் கழற்றி, லீவில் ஊர் திரும்புகிறவர்களின் பெட்டிகளில் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஃபிரேம் ஒருவரோடு வந்தது. ஆறு மாதம் கழித்து சக்கரங்கள் இன்னொருவரோடு. சிவப்பு நிறம், பதினெட்டு கியர்.

(எங்கள் ஊரில் மலை கிடையாது. இருப்பதிலேயே உயரமான இடம் வாய்க்கால் மதகு. அதில் ஏற எதற்குப் பதினெட்டு கியர்? அப்பாவின் கறுப்பு சைக்கிளை மிதித்துக்கொண்டு இப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘கடைசித் துண்டு வந்த அன்று நல்ல மழை.’ மழையெல்லாம் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘செயினையும் பெடல்களையும் கொண்டுவந்த மீரா உசேன், வழியில் எங்கேயோ இடது பெடலைத் தொலைத்து’

இதை முடிக்க முடியவில்லை. பாதியிலேயே கிடக்கட்டும்.

மீரா உசேன் ஜெக்கரியாவோடு வேலை பார்த்தவர். லீவில் வரும்போது தன் சாமானைக் குறைத்துக்கொண்டு ஊரார் சாமானைச் சுமந்து வருவார். எங்கள் ஊரில் அதை அமானிதம் என்பார்கள். நம்பிக் கொடுத்த பொருள், கொடுத்தபடியே போய்ச் சேர வேண்டும். அவர் கையில் கொடுத்தது எதுவும் தொலைந்ததில்லை, அந்தப் பெடல்வரை.

3

இனி நிகழ்காலம். இருபது வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்த அன்சார், அந்தச் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கி வீட்டுக் கூடத்திலேயே சீர்செய்கிறான். நான் தஞ்சாவூரில் உட்கார்ந்து அவன் அனுப்பும் படங்களைப் பார்த்துப் புகைகிறேன். (விசா விஷயத்திலும் அவன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அது தனிக் கதை.) துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தான். சக்கரத்து பால்ஸ் குண்டுகளையெல்லாம் மாற்றி கிரீஸ் வைத்தான். கியர் ஒயர் புதுசு. என் கையில் பேனாகூட ஒழுகும். இவனுக்கு மட்டும் எல்லாம் சொன்னபடி கேட்கிறது.

இன்று போன் செய்தான். முதலில் பேசியது அவன் மனைவி ஹஃப்ஸா.

“கல்யாணண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. மீன் வறுவல் வைக்கிற தட்டுல கிரீஸைக் கொட்டி வச்சிருக்காரு.”

“நான் சொன்னா கேட்பானா?”

“நீங்க சொன்னா மட்டும்தான் கேட்பாரு.”

பிறகு அன்சார். “எல்லாம் ஆச்சுடா. இடது பெடல்தான் இல்ல.”

“புதுசு ஒண்ணு வாங்கிப் போடேன்.”

“அன்னைக்கே நம்மூர்ப் பெடல் மரையில நிக்கலையேடா. நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு மீரா உசேன் மாமா வீட்டுக்குப் போறேன். எழுபத்தெட்டு வயசாச்சு. இப்பவாச்சும் உண்மையச் சொல்லிட்டா அவருக்கும் பாரம் குறையும்ல?”

நான், “ம்” என்றேன். எழுத்தாளன்.

4

அந்தப் பெடல் இப்போது என் மேஜையில் இருக்கிறது. நீங்கள் படிக்கும் இந்தத் தாள்கள் பறக்காமல் இருப்பது அதன் கனத்தால்தான்.

நடந்தது இது. மீரா உசேன் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். அன்சாரும் நானும் பிரித்தோம். அரபிப் பேப்பருக்குள் செயின், இரண்டு பெடல். அன்சார் உம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடினான். நான் ஒன்றைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டேன். அவன் திரும்பி வந்ததும் சொன்னேன்: “ஒண்ணுதான்டா இருந்துச்சு.”

நான் சொன்ன முதல் கதை அது. இரண்டே சொல். அதற்குப் பிறகு எழுதிய எதையும் ஜனங்கள் அவ்வளவு முழுசாக நம்பவில்லை.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் துபாய்க்கு டெலிபோன் போய்விட்டது. ஜெக்கரியா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த லீவில் மீரா உசேன் ஒற்றைப் பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கியதை நான் பார்த்தேன். யாரும் எதுவும் கொடுத்தனுப்பியிருக்கவில்லை.

5

முடிவுகள்.

அ) பெயர் போடாமல் கூரியரில் அனுப்பலாம். பெடல் சேர்ந்துவிடும், மீரா உசேனின் பெயர் சேராது.

ஆ) அன்சார் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, “இதோ இருக்கே!” என்று கத்தலாம். நன்றாக நடிப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

இ) மீரா உசேன் என்னை மன்னித்து, தோளில் கை வைத்து

இல்லை. அவர் கையை எடுத்து என் தோளில் வைக்க நான் யார்?

என்னிடம் வேறு முடிவு இல்லை. நான் எழுதும் எதையும் முதலில் படித்து, ஒற்றுப்பிழை கண்டுபிடித்து, “இதெல்லாம் ஒரு கதையாடா?” என்று கேட்கிற ஆள் ஒருவன்தான். இதுவரை ‘நீங்கள்’ என்று எழுதியதெல்லாம் உன்னைத்தான், அன்சார்.

இந்தத் தாள்களை இப்போதே படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன். காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். மாமாவிடம் நீ எதுவும் கேட்காதே, நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம் என்ன நடக்கும் என்பதை நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். வாசலிலேயே நிறுத்தினாலும் சரி.

பெடலை நீயே மாட்டிக்கொள். இடது பக்கம், எதிர்த்திசையில் திருக வேண்டும். வேகத்தில் மறந்து மரையைக் கெடுத்துவிடாதே.