நாகேஸ்வர வாத்தியாரின் பல் தேய்க்காத செவ்வாய்க்கிழமை

கரமனை நாகேஸ்வர வாத்தியாருக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று போனதிலிருந்து ஹோமகுண்டத்தில் நெருப்பு நிற்கவில்லை. ‘ஸ்வாஹா’ என்றால் போதும், பல்சந்தில் புறப்படும் காற்றில் அக்னி அணைந்துவிடும். சாஸ்தமங்கலத்தில் ஒரு கிருகப்பிரவேசத்தில் பந்தலே ஒரு முழம் நகர்ந்தது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். கழற்றி மாட்டும் பல் வாங்கினார். மூன்றாம் நாளே அது நெய்யோடு ஆகுதியாயிற்று. ஆவணி அவிட்டத்துக்குள் வாயைச் சரிசெய்யாவிட்டால் வேறு வாத்தியார்தான் என்று தெருச் சங்கத் தலைவர் ராமசுப்ரமணியன் சொல்லிவிட்டார். அப்போது சித்திரை.

ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கு வாய் கொடுப்பவர்களுக்கு இலவசமாகப் பல் பதித்தார்கள். டாக்டர் ஆர்ஷா விளக்கினாள்.

“டைட்டானியம் திருகு எலும்புல நின்னுக்கும் சாமி. ஈறைத் தாண்டுற கழுத்துலதான் தொல்லை. சொரசொரப்பா இருந்தா ஈறு செல்லு பிடிச்சுக்கும், கிருமியும் பிடிச்சுக்கும். வழுவழுப்பா இருந்தா கிருமி வழுக்கும், சிலப்போ ஈறும் வழுக்கும். மூணாவது, பொடிசா வரி போட்டு அல்ட்ரா வயலட் வெளிச்சம் காட்டினது. யாரு முதல்ல இடம் பிடிக்கறாங்கன்னுதான் போட்டி.”

“தம்பானூர்ல நாகர்கோவில் பஸ்ஸுக்குத் துண்டு போடறாப்பல.”

“அதேதான்.”

அவர் ஈறில் ஒரு கடுகளவு கிள்ளி எடுத்தாள். கிருமிக்கு, செவ்வாய்க்கிழமை பல் தேய்க்காமல், கொப்பளிக்காமல் வந்து துப்ப வேண்டும். மூன்று மாதிரித் தகடுகளிலும் ஈறு செல்லையும் கிருமியையும் சேர்த்து வளர விட்டுப் பார்த்து, ஜெயித்ததைப் பதிப்பாள்.

தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் பல் தேய்க்காத வாயால் பெண்டாட்டியிடம்கூட ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர், ஒரு டாக்டர் முன்னால் எப்படி வாயைத் திறப்பார்? செவ்வாயன்று வழக்கத்துக்கு மேல் ஒரு தடவை தேய்த்து, உப்புநீரில் கொப்பளித்து, கிராம்பு மென்று, பச்சைக் கற்பூரத்தையும் நாக்கில் வைத்துக்கொண்டு போய்த் துப்பினார்.

மறுவாரம் ஆர்ஷா போன் செய்தாள். “மூணு தகடும் மொட்டை. சொரசொரப்புலகூட ஒரு கிருமி இல்ல. கிருமியில்லாத வாய் ஸ்டடிக்கு ஆகாதாம், ப்ரொபசர் பேரை வெட்டச் சொல்றார்.”

பல் கையைவிட்டுப் போவது தெரிந்தது.

“மோளே, தேய்ச்சுட்டேன்.”

“வேற?”

“உப்பு. கிராம்பு. கற்பூரம்.”

“சாமி, அது வாயா, கோயில் தீர்த்தமா?”

இன்னொரு செவ்வாய் கொடுத்தாள். அன்று முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, பஸ் ஏறினார். உள்ளே ராமசுப்ரமணியன்.

“காலங்கார்த்தால எங்க ஓய் கிளம்பிட்டீர்?”

வாத்தியார் விரலால் மேல்தாடையைக் காட்டினார். ராமசுப்ரமணியன் ஆகாசத்தைப் பார்த்தார். “மௌன விரதமா! லோக க்ஷேமத்துக்கா?” என்று எழுந்து இடம் கொடுத்தார். கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் நாலு பேர் காலில் விழுந்தார்கள். பாளையத்தில் ஒருவர் பெண்ணின் ஜாதகத்தைக் கையில் திணித்தார். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த ஜாதகக்காரிக்கு அதே மாதம் கல்யாணம் நிச்சயமானது தனி விஷயம்.

பத்து நாள் கழித்து ஆர்ஷா திரையில் படம் காட்டினாள். சொரசொரத் தகட்டில் ஆற்றுகால் பொங்காலைக் கூட்டமாய்க் கிருமி. வழுவழுத் தகட்டில் கிருமி குறைவு. ஆனால் ஈறு செல்கள் உருண்டு திரண்டு, உருள்வதற்குத் தயாராக நின்றன. வரி போட்டதில் செல்கள் வரியோடு நீட்டிப் படுத்து இடத்தை நிரப்பிவிட்டன; ஓரத்தில் கொஞ்சம் கிருமி.

“இத்தனையுமா என்னோடது?”

“ஈறும் சாமியோடது, கிருமியும் சாமியோடது.”

“அறுபத்து நாலு வருஷமா மடியா இருந்தேனே!”

“அவங்களும் கூடவே மடியா இருந்திருக்காங்க.” ஆர்ஷா சிரிக்காமல் சொன்னாள். “தகட்டுல ஜெயிச்சது வாயிலயும் ஜெயிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பதிச்சப்புறம் தினம் ஒழுங்கா தேய்க்கணும். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு வாங்க. அதை விட்டா ஆடியிலதான். எலும்பு பிடிக்கவே மூணு மாசம் ஆகும்.”

வாத்தியாரின் கட்டைவிரல் தானாக விரல்கணுக்களில் ஏறியது. வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு, ராகுகாலம். ஊரில் ஒரு குழந்தைக்குக் காதுகூடக் குத்தவிடாத நேரம். திரையைப் பார்த்தார். அங்கே அவருடைய குடித்தனக்காரர்கள், நாள் நட்சத்திரம் எதுவும் பார்க்காமல், குடும்பத்தோடு செழித்துக்கொண்டிருந்தார்கள்.

“ராகுவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்,” என்றார். “நீ திருகு, மோளே.”