மதியச் சங்கு

வருஷத்தில் அந்த ஒரு தேதி நெருங்கினாலே போதும், அந்த நாட்டு மந்திரிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நாட்டை ஆண்டவர்களில் மூன்று பேர், வேறு வேறு வருஷங்களில், அதே தேதியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

முதலில் மூத்தவர். நாட்டுக்கு முதல் கொடி ஏற்றியவர். ஒருநாள் காலையில் குளிக்கப் போனார், கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அடுத்தது அவர் பிள்ளையிடமிருந்து நாற்காலியைப் பிடுங்கிக்கொண்ட ஜெனரல். மூத்தவர் சமாதிக்கு மாலை வைக்க மாட்டேன் என்று வீம்பு பண்ணிக்கொண்டு, அந்த நாள் பார்த்து ஹெலிகாப்டரில் ஏறிக் கிளம்பினார். மதியம் மலையில் மோதினார். மூன்றாவது டாக்டர். நிஜமாகவே டாக்டர், பிறகு பிரதமர். "தேதியாவது சாபமாவது, எல்லாம் மூடநம்பிக்கை" என்று நிரூபிக்க, அதே தேதியில் சாயங்காலம் மேடை போட்டார். பேச்சை முடிக்கவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மூன்று பேருக்கும் மூன்று கட்சி. இந்த நாள் எங்களுடையது என்று மூன்று கட்சிக்காரர்களும் தெருவில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு வழி சொன்னது. அவரவர் செத்த நேரத்துக்கு அவரவருக்கு ஒரு சங்கு. நகராட்சிக் கட்டடத்து உச்சியில் இருக்கும் மின்சாரச் சங்கு அலறினால் போகிற வண்டி அப்படியே நிற்க வேண்டும். வண்டியில் இருப்பவர்கள் இறங்கித் தலைகுனிந்து நிற்க வேண்டும். கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு சங்கு ஊதும். அதற்கப்புறம்தான் நகரலாம்.

அந்தச் சங்கை ஊதுகிறவர் ஒருத்தர் இருந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயரை எல்லாரும் மறந்துபோய் 'சங்கு' என்றே கூப்பிட்டார்கள். கல்யாணமான வருஷம் சேர்ந்த வேலை. மற்ற நாட்களில் காலைக்கும் மாலைக்கும் ஒரு சங்கு, அவ்வளவுதான். அந்த ஒரு நாளைக்கு மட்டும் லீவு கிடையாது, சளி காய்ச்சல் கிடையாது, சாவு கல்யாணம் கிடையாது.

அந்த வருஷமும் அந்தத் தேதி வந்தது. கட்டடத்துக்கு எதிர் டீக்கடையில் சங்கு டம்ளரைக் கையில் எடுத்ததுமே கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சங்கு, இன்னைக்கு நாலாவதா யாருக்கு ஊதப் போற?"

"உன் டீயக் குடிச்சவன் எவனுக்காவதுதான்."

"மந்திரிங்க எல்லாம் ராத்திரியே ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிட்டாங்களாமே. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"அப்ப நோயாளி எங்க படுப்பான்?"

"நோயாளி ஒரு நாள் பொறுத்துக்குவான்யா. அவன் என்ன நாட்டையா ஆளுறான்?"

சங்கு சிரித்தார். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. வீட்டில் மகளுக்கு விடிந்ததிலிருந்தே இழுப்பு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் 'குட்டி'தான். கிளம்பும்போது தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். அந்த நிலையிலும் வாய் மட்டும் சும்மா இருக்காது.

"அப்பா, மூணு பேருக்கும் ஒரே அளவா ஊதுவியா? இல்ல, உனக்குப் புடிச்சவருக்குக் கொஞ்சம் கூட்டி ஊதுவியா?"

"நீ மொதல்ல மூச்சை ஒழுங்கா விடு. அப்புறம் கேள்வி கேளு."

"சொல்லுப்பா."

"மூணு பேரும் எனக்கு என்ன மாமனா மச்சானா? கடிகாரம் சொல்லும், நான் அமுக்குவேன்."

அவர் மனைவி கதவு வரை வந்து, "இன்னைக்கு மட்டும் இருங்களேன்" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இன்னைக்கு மட்டும் இருக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

சங்கு ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் மோட்டார், ஒரு சுவிட்சுப் பலகை, ஒரு கடிகாரம், கீழே சூப்பிரண்டு அறையோடு பேச ஒரு போன். கூரைக்குப் பக்கத்தில் காற்றுக்கு ஒரு ஓட்டை. சங்கு அலறும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷத்தில் அந்த நாளில், அந்த நேரத்தில், தெரு எப்படி இருக்கும் என்று அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டிலும் யாரும் அன்றைக்கு வெளியே போவதில்லை. தான் அமுக்கினால் ஊர் நிற்கும், மறுபடி அமுக்கினால் ஊர் நகரும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூத்தவருக்கான காலைச் சங்கை ஊதி முடித்து, பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மதியம் நெருங்கும்போது மனைவி செல்போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, இவளுக்கு ஒதடெல்லாம் நீலம் பூத்துருச்சுங்க. இன்ஹேலர் கேக்கவே மாட்டேங்குது. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்."

"வந்துருச்சா?"

"வாசல்ல நிக்குது. ஏத்துறாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம்."

அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒரே ஒரு பாலம். எழுந்து கதவு வரை போனார், திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஜெனரலின் நேரம் வந்துகொண்டிருந்தது. மறுபடி போன் போட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"மார்க்கெட் தாண்டிட்டோம். ஆக்சிஜன் வச்சிருக்காங்க. ஏற மாட்டேங்குதுங்க."

"அவகிட்ட குடு."

கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். பிறகு பூனைச் சத்தம். அதற்குள்ளிருந்து, "அப்... பா" என்று வந்தது.

"ஒண்ணுமில்ல குட்டி. வந்தாச்சு பாரு. அம்மா கையைப் புடிச்சுக்கோ. டிரைவர்கிட்ட குடுக்கச் சொல்லு."

டிரைவர் பேசினார். "சொல்லுங்கண்ணே."

"தம்பி, இப்பச் சங்கு ஊதுனா நீங்க நிக்கணுமா?"

"ஆம்புலன்சுக்கு விலக்கு இருக்குண்ணே, சட்டத்துல. ஆனா முன்னால நிக்கிற பஸ்சுக்கு விலக்கு இல்லையே. அதுக்கு மேல நான் பறந்தா போவேன்? போன வருஷம் மெதுவா ஒதுங்கிப் போன பால் வண்டியையே கட்சிப் பசங்க அடிச்சு நொறுக்கிட்டாங்க. சங்குக்கு முன்னாடி பாலத்தைத் தாண்டிட்டா தப்பிச்சோம்ணே. சாமியைக் கும்புட்டுக்குங்க."

போனை வைத்துவிட்டார்.

சங்குக்கு முன்னாடி. அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சங்கு யார் கையில் இருக்கிறது? கடிகாரத்தில் முள் ஜெனரலின் நேரத்தைத் தொட்டது. அவர் கை பழக்கத்தில் சுவிட்சு வரை போனது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முள் தாண்டியது. சங்கு ஊதவில்லை.

போகட்டும். வேலை போகட்டும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். ஆயிரம் பேர் நிற்கும்படி ஊதியிருக்கிறார். இன்றைக்கு ஒருத்தி போகும்படி ஊதாமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? மனதுக்குள் வண்டியை அவரே ஓட்டினார். இந்நேரம் பாலத்தில் ஏறியிருக்கும். இந்நேரம் நடுப்பாலம்.

கீழ் போன் அடித்தது. சூப்பிரண்டு.

"யோவ், என்னய்யா ஆச்சு? ஜெனரல் கட்சிக்காரன் எல்லாம் கீழ வந்து கத்துறான்யா!"

"மோட்டார் மக்கர் பண்ணுது சார். பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாத்துக்கிட்டிருக்கியா? அங்க ஊரே..."

ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். திட்டுவதை அப்புறம் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். இந்நேரம் பாலம் இறங்கியிருக்கும். ஆஸ்பத்திரி வளைவு. வெள்ளை கேட்டு. ஸ்ட்ரெச்சர். யாரோ ஓடி வருகிறார்கள். அவருக்கு உடம்பு லேசானது. இந்தச் சுவிட்சை வைத்து வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பிள்ளைக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கிறார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கூரை ஓட்டை வழியாக எப்போதும் ஹாரன் சத்தம் வரும், பஸ் உறுமும். ஒன்றுமே வரவில்லை.

மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, என்ன பண்றீங்க அங்க?" அவள் கத்தவில்லை, கெஞ்சினாள். "வண்டி பாலத்து மேல நிக்குதுங்க. முன்னாடி பின்னாடி எல்லாம் எறங்கி நிக்கிறாங்க. அசைய மாட்டேங்குறாங்க."

"ஏன் நிக்கிறாங்க? நான்தான் ஊதவே இல்லையே!"

"அதான் நிக்கிறாங்க! நேரம் வந்ததும் எல்லாரும் தானா எறங்கிட்டாங்க. ரெண்டு சங்கும் ஊதி முடிஞ்சாத்தான் நகருவாங்களாம். நான் கால்ல விழுந்து பாத்துட்டேன். 'எங்களை அடிப்பாங்கம்மா, சங்கு ஊதட்டும்'ங்குறாங்க. ஊதுங்களேன்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஊதுங்க!"

சங்கு ஊதிய பிறகு நின்றால் பக்தி போதாது என்று எவனோ ஒரு வருஷம் கொஞ்சம் முன்னாடியே இறங்கி நின்றிருக்கிறான். அடுத்த வருஷம் பக்கத்து வண்டிக்காரனும் இறங்கியிருக்கிறான். அதற்கடுத்த வருஷம், இறங்காதவன் முகத்தைக் கட்சிப் பசங்கள் குறித்துக்கொண்டார்கள். இப்போது நிற்பதற்கு யாருக்கும் சங்கு தேவையில்லை. நகர்வதற்குத்தான் தேவை. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் சங்கு ஊதுகிறவருக்கு மட்டும் தெரியாது.

சுவிட்சை அமுக்கினார். காதில் பஞ்சு வைக்கவில்லை. மோட்டார் முக்கி முனகி வேகம் பிடித்து அலறியது. தலைக்குள் இரும்பு உருண்ட மாதிரி இருந்தது. நிறுத்தினார். உடனே மறுபடி அமுக்க முடியவில்லை. மோட்டார் சுற்றி அடங்கினால்தான் அடுத்தது ஏறும். அது மெதுவாக, மெதுவாக அடங்கியது. "அடங்குடா, அடங்குடா" என்று அதைக் கையால் அறைந்தார். அடங்கியதும் இரண்டாவதை ஊதினார். அது ஓய்வதற்குள் பழக்கதோஷத்தில் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியில் உருண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மகளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

சின்ன வயது டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பெரியவருக்கு நல்ல மனசு. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று பார்த்தார்.

"மனசைத் தேத்திக்குங்கய்யா. இன்னைக்குப் போறதுக்கெல்லாம் குடுப்பினை வேணும். எவ்வளவு பெரிய பெரிய ஆளுங்க போன நாளு."

சங்கு தலையாட்டினார். ஏன் ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நடையில் ஒரு பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மகளின் ஒற்றைச் செருப்பு மடியில் இருந்தது. இன்னொன்று வண்டியிலேயே போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள்தான் பேசினாள்.

"பாலத்துல எல்லாரும் உங்களைத்தான் கண்டபடி திட்டுனாங்க. தூங்கிட்டான், குடிச்சிட்டு விழுந்து கெடக்கான்னு. இவளுக்குக் கேட்டுருச்சு. அப்படியில்லன்னு கையை ஆட்டுனா. 'எங்கப்பா ஊதிருவாரு, எங்கப்பா ஊதிருவாரு'ன்னு... அதுக்கே இருந்த மூச்செல்லாம் போச்சு."

அவர் சுவரைப் பார்த்தார்.

"மோட்டார் ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"இல்ல. நான்தான் ஊதல. நீங்க பாலம் தாண்டட்டும்னு ஊதாம உக்காந்திருந்தேன்."

அவள் அழவில்லை, அடிக்கவில்லை. அவர் வேறு பாஷை பேசினது போல அவர் வாயையே பார்த்தாள். பிறகு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம்.

வெயில் சாயத் தொடங்கியதும் சூப்பிரண்டு போன் பண்ணினார். விஷயம் தெரிந்திருந்ததால் குரல் தணிந்திருந்தது.

"கேள்விப்பட்டேன்யா. என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா... ரூம் சாவி உன்கிட்ட இருக்கு. டாக்டர் சங்குக்கு நேரம் வந்துருச்சு. கதவு இரும்பு, ஒடைக்கவும் முடியல. ஆள் அனுப்பலாம்னா அவன் வந்து திரும்பறதுக்குள்ள... நீயே ஒரு எட்டு வந்துட்டுப் போயிடேன்யா."

"என் பொண்ணு இங்க படுத்திருக்கா சார்."

"புரியுதுய்யா."

அவர் போனை மடக்கினார். மனைவி அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "சாவியா?"

"ம்."

"போங்க."

"நான் போகல."

"போய்த் தொலைங்க! எவளாவது பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு நடு ரோட்டுல நிப்பா. போய் நேரத்துக்கு ஊதுங்க."

அவர் எழுந்தார். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி ஓடினார். செருப்பு வழுக்கியது, கழற்றி எறிந்தார். பாலத்தில் பாதி தூரம் போகும்போது முன்னால் ஒரு பஸ் நின்றது. பின்னால் ஒரு லாரி. மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். பஸ் ஜன்னல்களில் இருந்த தலைகள் எழுந்து வரிசையாகப் படி இறங்கின. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பாலம் முழுக்கக் குனிந்த தலைகள்.

அவர் நடுவில் புகுந்து ஓடினார். கையில் கட்சிப் பட்டை கட்டிய ஒருவன் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான்.

"யோவ், எங்க ஓடுற? டாக்டரய்யா நேரம். மரியாதை தெரியாதா?"

"விடுப்பா. நான் போய்த்தான் சங்கு ஊதணும்."

பட்டைக்காரன் அவருடைய வெறுங்காலைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். கூட இருந்தவனிடம், "இவருதான் ஊதணுமாம்டா" என்றான்.

"இந்தா, சாவிகூட இருக்கு பாரு."

"இருக்கட்டும் பெரியவரே. என் வீட்டுச் சாவிகூட என்கிட்ட இருக்கு. சங்கு ஊதட்டும், அப்புறம் எங்க வேணா போங்க. அதுவரைக்கும் அசையக் கூடாது."

"நான் போனாத்தான்பா அது ஊதும்!"

"நில்லுய்யா."

இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நின்றார்.