அமைதிப் பெட்டியில் ஜன்னலோரம்

துர்க்கு துறைமுகத்தில் கப்பல் ஏறும்போதே காற்று ஆளைத் தள்ளியது. சிர்க்காவுக்கு அறுபத்து நான்கு வயது. இதுவரை தனியாக ஃபின்லாந்தின் எல்லையைத் தாண்டியதில்லை. தங்கை ஐலா சுவீடனின் கோத்தன்பர்க்கில் சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வந்ததால் கிளம்பினாள். புயலில் விமானங்கள் எல்லாம் ரத்து. கப்பலில் ஸ்டாக்ஹோம், அங்கிருந்து ரயில். வேறு வழியில்லை.

ஐலா சின்ன வயதிலேயே கார்த் தொழிற்சாலை வேலைக்கென்று சுவீடனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது. சண்டை போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த இரவில், காலை ஷிப்டுக்குப் போகிறவளை எதற்கு எழுப்புவது என்று சிர்க்கா போன் செய்யாமல் இருந்துவிட்டாள். விடிந்து சொன்னபோது அம்மா இல்லை. ஐலா அடக்கத்துக்கு வந்தாள், எல்லோருடனும் உட்கார்ந்து காபி குடித்தாள், போய்விட்டாள். ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிர்க்காவும் தானாகச் சொல்லவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எங்கள் ஃபின்லாந்துச் சனம் கேட்காது. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த கூட்டம் இது.

முந்தாநாள் மருத்துவமனையிலிருந்து இங்கெர் என்ற நர்ஸ் அழைத்தாள்.

"உங்க தங்கச்சி சுவீடிஷ் பேசறதையே மறந்துட்டாங்க. ஃபின்னிஷ்லதான் என்னென்னவோ சொல்றாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல. உங்க பேரு மட்டும் புரியுது. போனைக் குடுக்கட்டுமா, பேசறீங்களா?"

"வேண்டாம். நேர்ல வந்து பேசிக்கிறேன்" என்றாள் சிர்க்கா, பள்ளிக்கூடத்தில் படித்த சுவீடிஷில்.

ஒன்பது வருடத்துப் பேச்சைப் போனில் எங்கிருந்து தொடங்குவது? முகத்தைப் பார்த்தால் ஒரு வரி போதும், தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பயணம்.

கப்பல் அறையில் இன்னொரு பெண் படுத்திருந்தாள். பெட்டியை உள்ளே உருட்டினால் அவள் தூக்கம் கெடுமே என்று சிர்க்கா அதை வெளியே பொது அடுக்கில் வைத்தாள். புயல் கப்பலைப் புரட்டி எடுத்து, விடிகாலையில் சேர வேண்டியவர்களை நண்பகலில் ஸ்டாக்ஹோமில் இறக்கியது. கரையில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸ் ஹாக்கி காலணி ஒரு ஜோடியும், குமட்டும் நாற்றத்தில் காலுறைகளும் இருந்தன. அதே கறுப்புப் பெட்டி, வேறு யாருடையதோ. ஐலாவுக்கென்று கொண்டுவந்த ஜாம் போயே போய்விட்டது. சதுப்பு நிலத்து மஞ்சள் பழத்தைச் சிர்க்கா தன் கையால் பொறுக்கிக் காய்ச்சியது. ஐலாவுக்கு அதென்றால் உயிர்.

"எவனோ ஒரு பையன் உங்க ஜாமை மூஞ்சியில பூசிக்கிட்டு இன்னைக்கு மேட்ச் ஆடப் போறான்" என்றாள் துறைமுகத்துப் பெண், பெட்டியை வாங்கி உள்ளே வைத்தபடி. சிர்க்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் நிலையத்தில் அடுத்த இடி. வழியில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டதாம். அவளுடைய வண்டி ரத்து. இத்தனை சனம் நிற்கிறதே, ஒருவராவது கத்தவில்லை. எல்லோரும் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். சிர்க்காவும் நின்றாள். முன்னால் இருப்பவர்களிடம், என் தங்கை சாகக் கிடக்கிறாள், கொஞ்சம் வழி விடுங்கள் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை.

முறை வந்தபோது சீட்டுக் கொடுப்பவன் திரையைப் பார்த்துச் சொன்னான். "சுத்திப் போற வண்டில ஒரே ஒரு சீட்டு இருக்கு. அமைதிப் பெட்டி, ஜன்னலோரம். உள்ள போன்லகூடப் பேசக் கூடாது, தெரியுமில்ல?"

"நான் ஃபின்லாந்துக்காரி."

"அப்ப உங்ககிட்டச் சொல்லியே இருக்க வேண்டியதில்ல" என்று சிரித்தான்.

வண்டி நிறைந்து வழிந்தது. ரத்தான வண்டியின் ஆட்களும் நடைபாதையில் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான். சிர்க்காவுக்குப் பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். மடிப்பலகையை இறக்கி அதில் காபியை வைத்துக்கொண்டு, வண்டி நகர்ந்ததுமே கண்ணை மூடிவிட்டார். அவர் எழுந்தால்தான் இவள் வெளியே போக முடியும்.

காடும் பனியுமாக வெகுதூரம் போன பிறகு, மடியில் போன் அதிர்ந்தது. கோத்தன்பர்க் எண்.

சிர்க்கா எழுந்து வாசல் பக்கம் ஓட வேண்டும். பெரியவரைப் பார்த்தாள். நல்ல தூக்கம். எழுப்பினால் காபியைத் தூக்க வேண்டும், பலகையை மடக்க வேண்டும், நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை எழுப்ப வேண்டும். கையை அவர் தோள் வரைக்கும் கொண்டுபோனாள். திரும்ப எடுத்துக்கொண்டாள். போன் ஓய்ந்தது.

மறுபடி அதிர்ந்தது. இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டாள், குழந்தை வாயைப் பொத்துவதுபோல. அதுவும் ஓய்ந்தது. பதிவுச் செய்தி ஒன்று வந்து விழுந்தது. அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

இங்கெரின் குரல் அவசரமாக வந்தது. "இவங்க இப்ப நல்லா முழிச்சிருக்காங்க, உங்களைத்தான் கேக்கறாங்க. இதோ, குடுக்கறேன்." அப்புறம் ஏதோ உரசும் சத்தம். அப்புறம் ஐலா. கிழவியின் குரல், ஆனால் ஐலாதான்.

"அக்கா? நான்தான். தொந்தரவு பண்றேனா?" கொஞ்ச நேரம் மூச்சு. "வேலையா இருந்தா அப்புறம் பேசறேன்."

சிர்க்கா எழுந்து நின்றாள். அவள் எழுந்த கணமே பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"மன்னிச்சுக்குங்க, தூக்கத்தைக் கெடுத்துட்டேன்" என்றாள், அந்த நிலையிலும்.

"நான் தூங்கவே இல்லம்மா. முழிச்சிருந்தா நீங்க மரியாதைக்கு ஏதாச்சும் பேச வேண்டி வருமேன்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

சிர்க்காவுக்கு வாசல் வரை போகப் பொறுமையில்லை. நின்ற இடத்திலேயே போன் செய்தாள்.

இங்கெர் எடுத்தாள். "இப்ப மறுபடி மயங்கிட்டாங்க. ஆனா காது கேக்கும்னுதான் சொல்வாங்க. போனை அவங்க காதுல வைக்கறேன். பேசுங்க."

"ஐலா! நான்தான்டி, அக்கா!"

பெட்டி முழுவதும் திரும்பியது. எதிர் வரிசைப் பெண் ஜன்னல்மேல் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் காட்டினாள். பெரியவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். விரல் இறங்கியது.

சிர்க்கா ஃபின்னிஷில் பேசினாள். ஒன்பது வருடத்தையும் சேர்த்துப் பேசினாள். "அம்மா போன ராத்திரி உன்னை எழுப்பியிருக்கணும்டி. போனைக் கையிலதான் வச்சிருந்தேன். தப்பு என்மேலதான். கேட்டியா? என்மேலதான். வந்துட்டே இருக்கேன், இன்னும் கொஞ்ச தூரந்தான். உனக்கு ஜாம் எடுத்தாந்தேன், அதைக் கப்பல்ல எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். ஹாக்கிக்காரன். அவன் காலுறை நாத்தம் இருக்கே, அடேயப்பா! நம்ம அப்பாவோட மீன்பிடி பூட்ஸ் ஞாபகம் இருக்கா? அம்மா அதை ஏரியில வீசினாங்களே, அது மிதந்து மிதந்து நம்ம சவுனா குளியல்வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துச்சே!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் மூக்கும் ஒழுக அந்த அமைதிப் பெட்டியில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் ஏரியைப் பற்றி, படகைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள்.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது கேட்டாள். "ஐலா, கேக்குதா?"

"நான் இங்கெர்" என்றது போன். குரல் மிகவும் தணிந்திருந்தது. "அவங்க போயிட்டாங்க. கொஞ்ச நேரமாச்சு."

"எப்போ?"

"நீங்க பேசிட்டே இருந்தீங்க. எனக்கு நடுவுல குறுக்கிட மனசு வரல."

"எப்பன்னு கேக்கறேன்!"

"நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா நடுவுல ஒரு தடவை சிரிச்சீங்களே. அதுக்கு முன்னாடி."

சிர்க்கா மெல்ல உட்கார்ந்தாள். எவ்வளவு முன்னாடி? தப்பு என்மேல்தான் என்றது காதில் விழுந்ததா, இல்லையா? அதைச் சொல்ல இனி யாரும் இல்லை. வெளியே காடு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெரியவருக்குச் சங்கடமாகப் போயிற்று. அழுகிறவளை அழ விட வேண்டும், பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தொப்பியை இறக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சிர்க்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். காபி தளும்பிப் பலகையில் கொட்டியது.

"மூடாதீங்க" என்றாள். "தயவுசெஞ்சு கண்ணை மூடாதீங்க. எங்கூடப் பேசுங்க."